பன்னிரண்டு பேருக்குக் கேட்டது

வியாழக்கிழமை. இரவு ஒன்பது இருபது. வெளியே நீளமான தெரு. அதன் கடைசி விளக்கு மட்டும் எரிகிறது. விளக்கைத் தாண்டினால் வீடு கிடையாது, காலி மனைகள்தான். தெருவின் கடைசி வீட்டு மாடி அறையில் ஒரு பெண் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் பன்னிரண்டு முகங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் எதையோ கேட்கிறார்கள்... அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

சின்னச் சிக்கல்தான். நான்கு மாதமாக அவரால் அதைத் தீர்க்க முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல மாட்டேன். விளக்கு எரியட்டும், பரவாயில்லை. போன்களை மட்டும் கவிழ்த்து வையுங்கள். ஏன் என்று கதையைக் கேட்டு முடித்ததும் உங்களுக்கே புரியும்.

அவர் என் நண்பனின் அண்ணி. நானும் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவர் வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உங்களை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். கேட்டால் நீங்கள் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏனென்றால் பட்டனுக்கு முன்னால் முகம் சொல்லிவிடும். ஒலி காதில் விழுந்ததும் கண் ஒரு கணம் அசையாமல் நிற்கும். மெல்லுகிற வாய் நிற்கும். தலை, நன்றாகக் கேட்கிற காதின் பக்கம் மயிரிழை அளவு சாயும். பதினான்கு வருடமாக இதையே பார்த்தவர். முகத்தை வைத்து, கேட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். எட்டு மாதம் கடலில், நான்கு மாதம் வீட்டில். அண்ணி தனியாகத்தான் இருந்தார். அவருக்கு ஒரே அக்கா, அதே ஊரில். வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். அந்த அக்கா ஒரு நாள் போனில் சொன்னார்.

"எங்க புத்தகக் குழுவுல சேர்ந்துக்கோடி. வாரா வாரம் வியாழக்கிழமை, ஒரு மணி நேரம். எல்லாரும் நல்ல மனுஷங்க. சுவத்தைப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கறதுக்கு எங்களைப் பாத்துப் பேசலாம்ல."

"நான் என்ன பேசப் போறேன் அக்கா?"

"நீதான் நடத்தணும். நான் பத்து மாசம் நடத்திட்டேன், தொண்டை போச்சு. உன் குரலு கணீர்னு இருக்கும். தானா முன்வந்து கேட்டன்னா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க."

அண்ணி தானாக முன்வந்தார். "நான் நடத்தட்டுமா?" என்று குழுவில் எழுதியதும், ஒரு நிமிடத்துக்குள் பன்னிரண்டு பேர் கைதட்டும் படம் போட்டார்களாம். இவ்வளவு பேர் தன்னை வேண்டும் என்று நினைக்கிறார்களே என்று அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்கள் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடத்துபவர் ஐந்து கேள்வி தயாரித்து வந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். அவருடைய மைக் மட்டும் திறந்திருக்கும். மற்ற எல்லாரும் மைக்கை மூடியே வைத்திருப்பார்கள். யாரும் வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது. தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும். நடத்துபவர் அதை வாசித்துக் காட்டுவார். மிக்சி சத்தம், பிள்ளைகள் சத்தம், நாய் குரைக்கும் சத்தம்... அதெல்லாம் இடையில் வரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்று அக்கா விளக்கியிருந்தார். நியாயமாகத்தான் பட்டது.

முதல் வாரம். அண்ணி முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினார். பதில் வருவதற்காகக் காத்திருந்தார்.

பன்னிரண்டு முகங்களும் எதையோ கேட்டன.

பிஸ்கட் மென்றுகொண்டிருந்தவரின் வாய் நின்றது. ஓட்டுநர் பயிற்சி கொடுப்பவர் ஒருவர், மெதுவாக, யாரும் கவனிக்காத மாதிரி, ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளினார். அக்கா கீழே குனிந்து எதையோ தேடினார். பிறகு பதில்கள் வரிசையாக வந்தன. அண்ணி மறுபடி பேச ஆரம்பித்ததும் எல்லாரும் சரியானார்கள். ஹெட்போன்கள் காதுக்குத் திரும்பின. அடுத்த கேள்வி. அடுத்த இடைவெளி. மறுபடி அதே.

தன் மைக்கில்தான் கோளாறு என்று அண்ணி நினைத்தார். புது மைக் வாங்கினார், பஞ்சு உறை போட்டது. சுவரில் போர்வையைத் தொங்கவிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். "எதுவும் இரைச்சல் வருதாங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் உடனே எழுதினார்கள். 'தெளிவாக் கேக்குது.' 'ஒரு பிரச்சினையும் இல்ல.' 'அருமையா நடத்துறீங்க.'

இதற்கிடையில் கப்பல்காரரோடு ஒரு சண்டை. அண்ணி தினமும் அவருக்குக் குரல் செய்தி அனுப்புவார். ஒரு நாள் அவரிடமிருந்து இப்படிப் பதில் வந்தது.

"என்கிட்ட பேசும்போதாவது புத்தகத்தை மூடி வைக்கக் கூடாதா? பக்கம் திருப்புற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அவ்வளவு சலிப்பா இருந்தா அனுப்பாத, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

அண்ணி கையில் புத்தகமே இல்லை. துணி மடித்துக்கொண்டே பேசிய செய்தி அது. சொன்னார். அவர் நம்பவில்லை. "யாராவது வந்திருக்காங்களா வீட்டுக்கு?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுபோலத்தான் இருந்தது... ஆனால் அப்புறம் இரண்டு வாரம் அவரிடமிருந்து செய்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைகளில் இன்னொன்று. மைக்கின் பஞ்சு உறையில் தைல வாசனை. தலைவலிக்குத் தடவுவோமே, அந்த யூகலிப்டஸ் தைலம். அண்ணி தைலமே பூசுவதில்லை. தொட்டுப் பார்த்தால் பஞ்சு லேசாக ஈரமாக இருக்கும். ரொம்பக் கிட்டத்தில் வாயை வைத்து யாரோ மூச்சு விட்ட மாதிரி.

பதினேழாவது வாரம், அண்ணி தன் தொழிலைச் செய்தார். சோதித்துப் பார்த்தார்.

பழைய போன் ஒன்றைக் கீழ் அறையில் வைத்து, அதையும் கூட்டத்தில் சேர்த்து, வருகிற ஒலியைப் பதிவு செய்யும்படி அமைத்தார். திரையில் பதினான்காவதாக ஒரு கட்டம் வந்தது. "என்னோட இன்னொரு போன்தாங்க. மைக் எப்படி இருக்குன்னு பாக்கத்தான்," என்றார். அக்காவிடமிருந்து மட்டும் தனியாக ஒரு செய்தி.

'அதை வெளிய எடு. பதிவு பண்ணா யாருக்கும் பிடிக்காது.'

அண்ணி எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து கீழே போய்ப் பதிவைக் கேட்டார். தன் குரல் வந்தது. "அவள் ஏன் திரும்பி வரவில்லை என்று நினைக்கிறீர்கள்?" என்று வாசித்த கேள்வி. பிறகு இடைவெளி. மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு...

நாக்கில் விரலைத் தொடும் சத்தம். தாள். ஒரு பக்கம், அவசரமே இல்லாமல், திரும்புகிறது. மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு. அப்புறம் வயதான பெண் குரல். பொறுமையான குரல். திட்டவில்லை, கெஞ்சவில்லை.

"யாராவது சொல்லுங்களேன்."

ஒவ்வொரு இடைவெளியிலும். ஐந்து கேள்விக்கு ஐந்து தடவை. ஐந்தாவது தடவை குரல் மைக்கோடு ஒட்டியிருந்தது. உதடு பஞ்சில் உரசுவது வரைக்கும் கேட்டதாம்.

"ஒரு நிமிஷம் இரு," என்று அங்கே மூக்குக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிற நம்ம கண்ணாடிக்காரர் இப்போது கேட்கப் போகிறார், எனக்குத் தெரியும். கேளுங்கள்.

"அதான் கேக்கறேன். அவங்க ரூம்ல வர்ற சத்தம், அவங்களுக்கு மட்டும் எப்படி கேக்காம போகும்?"

நல்ல கேள்வி. இந்தக் கூட்டங்களை நடத்துகிற நிரல் ஒரு வேலை செய்கிறது. உங்கள் மைக்கில் போவதை மற்ற எல்லாருக்கும் அனுப்பும், உங்களுக்கு மட்டும் திருப்பி அனுப்பாது. அனுப்பினால் உங்கள் குரலே அரை நொடி தாமதமாக உங்கள் காதில் விழும், பேசவே முடியாது. ஆகவே உங்கள் மைக்கில் என்ன போகிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான். புரிகிறதா? பன்னிரண்டு பேருக்கும் கேட்கும். நடத்துபவருக்குக் கேட்காது.

"சரிப்பா, ஹெட்போனைக் கழட்டினா காதுலயே கேக்குமே."

கழற்றிப் பார்த்தார். பதிவைக் கேட்ட அதே ராத்திரி மேலே போய், அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் போனில் வெறுமனே ஒரு நிமிடம் பதிவு செய்து போட்டுக் கேட்டார். அதில் இருந்தது. அறையில் இல்லை... மைக்கில் இருக்கிறது. அது ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்காரருக்கும் தெரியாது.

ஆனால் அண்ணியைக் கலக்கியது அந்தக் குரல் இல்லை. பன்னிரண்டு பேர். பதினேழு வாரம். வாரத்துக்கு ஐந்து தடவை. ஒருவர்கூடச் சொல்லவில்லை. கைதட்டினார்கள், அருமை என்றார்கள், ஹெட்போனை நகர்த்திவைத்தார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு முகம் அவருடைய அக்கா.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனார். அடுப்பறை முழுக்க வனிலா வாசனை. அக்கா கூம்புப் பையில் கிரீமை நிரப்பி, கேக்கின் ஓரத்தில் பூப்பூவாகப் பிழிந்துகொண்டிருந்தார். அண்ணி போனை மேடையில் வைத்துப் பதிவை ஓடவிட்டார். அக்காவின் கை நிற்கவில்லை. ஒரு பூ மட்டும் கோணியது.

"அணைச்சிடு. பிள்ளைங்க வர்ற நேரம்."

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"எல்லாருக்கும்தான் தெரியும். நம்ம நூலகர் அம்மா குரல் அது. அவங்கதான் குழுவை ஆரம்பிச்சாங்க."

"எந்த நூலகர்? நீ சொன்னதே இல்லையே."

அக்கா கத்தியால் கோணல் பூவை வழித்தெடுத்தார். பிறகு சொன்னார்.

ஆறு வருடம் அந்த அம்மாதான் நடத்தியிருக்கிறார். ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தவர். ஒவ்வொரு வாரமும் முடியும்போது, "அடுத்த வாரம் யாராவது நடத்துறீங்களா?" என்று கேட்பாராம். எல்லாருக்கும் வேலை இருக்கும். ஒரு வியாழக்கிழமை அவருக்கு உடம்பு சரியில்லை. அன்றைக்கு மட்டுமாவது யாராவது எடுத்துக்கொள்ளச் சொல்லி மதியமே எழுதியிருக்கிறார். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் எழுதட்டும் என்று இன்னொருவர் விட்டுவிட்டார். ராத்திரி ஒன்பதுக்கு அவரே வந்தார். முதல் கேள்வியைக் கேட்டார். பதில் இல்லை. யாரும் அந்த வாரம் படித்திருக்கவில்லை. மைக்கை மூடி, கேமராவை மூடி, ஒருவர் பாத்திரம் தேய்த்தார், ஒருவர் துணி மடித்தார்.

"'யாராவது சொல்லுங்களேன்'னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. காத்திருக்காங்கன்னுதான்டி நினைச்சோம். கோபமோன்னு நினைச்சோம். ஒவ்வொருத்தரா வெளிய வந்துட்டோம். ஞாயித்துக்கிழமைதான் கதவை உடைச்சாங்க. அதுவரைக்கும் அந்தக் கூட்டம் திறந்தேதான் இருந்திருக்கு."

"அதுக்கப்புறமும் எதுக்கு நடத்துறீங்க? குழுவைக் கலைச்சிருக்கலாமே."

"கலைச்சோம். அவங்களுக்கு அப்புறம் நான் நடத்தினப்போ இந்தச் சத்தம் வர ஆரம்பிச்சது. ரெண்டு வாரம் நிறுத்தினோம். சின்னவ பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு பாடி அனுப்பினா, போன்ல. மறுநாள் டீச்சர் கேட்டாங்க... பாப்பா பக்கத்துல யாரு, கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னு." அக்காவின் குரல் இங்கே கொஞ்சம் தாழ்ந்தது. "கடைசியா யாரு நடத்தினாங்களோ அவங்க வீட்டுலயே தங்கிடும். வேற ஒருத்தர் நடத்த வந்தாத்தான் போகும்."

"அதான் என்னைக் கூப்பிட்டியா."

அக்கா கிரீம் பையை முறுக்கினார்.

"எனக்குப் பிள்ளைங்க இருக்கு. உனக்கென்ன... நீ தனியாத்தானே இருக்க."

அண்ணி இதை என் நண்பனிடம் சொன்னபோது, பேயைப் பற்றிச் சொன்ன இடத்தில் குரல் நடுங்கவில்லையாம். இந்த வரியைச் சொல்லும்போதுதான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாராம்.

அடுத்த வியாழன் வரை ஆறு நாள். அண்ணி ஒரு தாளை எடுத்து யோசித்தார். 'நடத்துபவர் வீட்டில் தங்கும்' என்று அக்கா சொல்கிறார். ஆனால் அந்தக் குழுவில் நடத்துபவர்தான் மைக் திறந்திருக்கும் ஒரே ஆள். இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியானால் அது பிடித்துக்கொள்வது நடத்துபவரையா, திறந்த மைக்கையா? ஒரு காதைச் சோதிக்கும்போது இன்னொரு காதுக்கு இரைச்சலைக் கொடுத்து மறைத்துவிடுவார்கள். இரண்டையும் பிரித்தால்தான் எது கேட்கிறது என்று தெரியும். இங்கேயும் பிரித்துப் பார்க்க வேண்டும். அண்ணிதான் நடத்த வேண்டும். வேறொருவர் மைக் திறந்திருக்க வேண்டும்.

வியாழன். ஒன்பது மணி. நாலு கேள்வி வழக்கம்போல. பன்னிரண்டு முகமும் வழக்கம்போல. ஒன்பது ஐம்பதுக்கு அண்ணி சொன்னார்.

"கடைசிக் கேள்விக்கு யாரும் எழுத வேண்டாம். பேசுவோம். அக்கா, நீ சொல்லு."

அக்காவின் பதில் எழுத்தில் வந்தது. 'என் மைக் வேலை செய்யல.'

"கேக் ஆர்டர் எடுக்கறப்ப நல்லாத்தானே வேலை செய்யுது," என்றார் அண்ணி. "சரி. யாரும் பேசலன்னா நான் இத்தோட விலகிக்கறேன். அடுத்த வாரம் யாரு நடத்துறீங்க?"

ஒரு நிமிடம். முழுசாக ஒரு நிமிடம். பிறகு ஓட்டுநர் பயிற்சிக்காரர் எழுதினார். 'அக்கா பேசட்டும்.' அடுத்தவர் எழுதினார். 'ஆமா, அக்காவே சொல்லட்டும்.' மூன்று. ஐந்து. பதினொரு பேரும் எழுதிவிட்டார்கள். பத்து மாதம் தங்களுக்காக நடத்திய ஆளை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா மைக்கைத் திறந்தார். பேசினார். நாற்பது நொடி இருக்கும். முழுக்கப் படித்திருந்தார் போல, நன்றாகவே சொன்னார்.

அண்ணி தன் மைக்கை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா பேசி நிறுத்தினார்.

நாக்கில் விரல். தாள். மூச்சு.

"யாராவது சொல்லுங்களேன்."

முதல் தடவையாக அண்ணிக்கு அது நேரடியாகக் கேட்டது. அக்காவின் அடுப்பறையிலிருந்து. அக்காவுக்குக் கேட்கவில்லை. ஆனால் அக்கா பதினொரு முகங்களைப் பார்த்தார். ஹெட்போனை நகர்த்தும் கைகளைப் பார்த்தார். சட்டென்று மைக்கை மூடினார். மூடிய பிறகும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. காது கேளாதவர்களோடு பழகிய அண்ணிக்கு உதட்டைப் படிக்கத் தெரியும்.

"உன் மைக்கைத் திறடி. சின்னவ இங்கதான் தூங்கறா. திறடி."

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அண்ணியின் விரல் பட்டன் மேல் இருந்தது. திறக்க ஒரு தட்டு போதும்.

'நன்றி. அடுத்த வாரம் சந்திப்போம்' என்று தட்டச்சு செய்தார். கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் காலை பஞ்சு உறையில் வாசனை இல்லை. உலர்ந்திருந்தது. அன்று அனுப்பிய குரல் செய்திக்குக் கடலிலிருந்து உடனே பதில் வந்தது. "இன்னைக்குத்தான் நீ என்கிட்ட மட்டும் பேசற மாதிரி இருக்கு."

அக்காவிடமிருந்து நாற்பது அழைப்புகள். அண்ணி எடுக்கவில்லை. குரல் செய்திகளும் வந்திருக்கின்றன. அவற்றை அவர் திறப்பதே இல்லை.

குழு இன்றும் நடக்கிறது. அண்ணிதான் நடத்துகிறார். அக்கா உட்பட ஒருவர்கூட வராமல் இருப்பதில்லை. இப்போது எல்லாரும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வருகிறார்களாம். முறை இதுதான். கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை அண்ணி இதுவரை மாற்றவில்லை. சொன்னதும் தன் மைக்கை மூடிவிட வேண்டும். அந்த ஆள் பேசி முடித்த பிறகு, தான் வாய் திறக்காமல், கூட்டத்தை முடித்துவிட வேண்டும். கடைசியாகத் திறந்திருந்த மைக் தன்னுடையதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.